நாற்காலியை விட்டுக் கை ஊன்றாமல் எழ

வயதானவர்களிடம் "நடந்தால் போதும்" என்று சொல்லிச் சொல்லியே அவர்களின் தொடைகளைக் கைவிட்டுவிட்டோம். கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, தூக்கத்துக்கும் நல்லது. அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் தசையின் வலுவைக் காக்க அது போதாது. அறுபதைத் தாண்டிய நானும், 87 வயதில் பயிற்சியைத் தொடங்கிய என் அம்மாவும் உடம்பால் அறிந்துகொண்ட செய்தி இது.

அம்மா நாள் தவறாமல் நடப்பவர். மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே நடப்பார். அப்படிப்பட்டவருக்கு நிமோனியா வந்து, மருத்துவமனையில் பல நாள் படுக்கையில் கழிந்தது. காய்ச்சல் விட்டது, நுரையீரல் தேறியது, பரிசோதனை முடிவுகள் திருப்தி என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த அன்றே தெரிந்துவிட்டது, நாற்காலியில் உட்கார்ந்தால் அவரால் தானாக எழ முடியவில்லை. கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினால் அறையின் அந்தக் கோடி வரை நடந்துவிட்டு வருவார். உட்கார்ந்துவிட்டால் மறுபடியும் ஓர் ஆள் வேண்டும். கழிப்பறையிலிருந்து கூப்பிடும்போது அவர் குரல் பாதியாகத் தேய்ந்திருக்கும். நடக்க முடிந்தவர்தான், ஆனால் எழ முடியாததால் நாள் முழுவதும் அடுத்தவர் கையை எதிர்பார்த்திருந்தார்.

சமதரையில் நடக்கும்போது தொடையின் முன்பக்கத் தசை தன் முழு வலுவில் ஒரு பங்கைத்தான் செலவிடுகிறது. தாழ்வான இருக்கையிலிருந்து எழும்போதோ மடங்கிய முழங்கால்களின் மேல் உடலின் எடையைத் தூக்கி நிறுத்த வேண்டும். வலு குன்றியவருக்கு அது ஏறத்தாழ அவருடைய உச்ச சக்தியைக் கேட்கிற வேலை. எனவே வலு சிறிது இறங்கினாலும் நடை மிஞ்சியிருக்கும், எழுவது போய்விடும். படுக்கை இந்த இறக்கத்தை வேகப்படுத்துகிறது. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாக 67 வயதான, நோய் ஏதும் இல்லாத சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். அவர்களின் கால்களில் மட்டும் கொழுப்பல்லாத திசு, அதாவது பெரும்பாலும் தசை, கிட்டத்தட்ட ஒரு கிலோ குறைந்திருந்தது. காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்த 87 வயது உடம்பு எவ்வளவு இழந்திருக்கும் என்று அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

படுக்கை இல்லாவிட்டாலும் இழப்பு நடந்துகொண்டேதான் இருக்கிறது. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதத் தசை குறைகிறது என்பது பொதுவான கணக்கு. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. தசையின் அளவை விட வலு விரைவாகக் குறைகிறது. சட்டென்று விசையோடு இயங்கும் திறன் அதையும் விட விரைவாகப் போகிறது. காரணம் தசையில் மட்டும் இல்லை. முதுகுத்தண்டிலிருந்து தசைக்கு வரும் நரம்பணுக்கள் வயதாக ஆக ஒவ்வொன்றாக மடிகின்றன. இணைப்பை இழந்த தசைநார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தன்னோடு சேர்த்துக்கொள்ளும். மற்றவை பயனற்றுச் சுருங்கிப்போகும். இந்த இழப்பில் அதிகம் அடிபடுபவை வேகமாகச் சுருங்கும் தசைநார்கள். கால் இடறும்போது அடுத்த காலை முன்னே வீசி விழாமல் தாங்கிக்கொள்ள உதவுபவையும் அவைதாம். வயதானவர்கள் கால் தடுக்கியதும் அப்படியே சாய்ந்துவிடுவதற்குப் பார்வைக் குறையும் மருந்துகளும் மட்டும் காரணமாக இருப்பதில்லை.

முதுமையின் இந்தத் தசை இழப்புக்கு 1989இல் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் சார்கோபீனியா என்று பெயரிட்டார். அமெரிக்க நோய்ப் பட்டியலில் அதற்குத் தனிக் குறியீடு கிடைத்தது 2016இல்தான். எலும்புத் தேய்மானம் என்றால் உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லும் மருத்துவர்களில் பலர், நாற்காலியிலிருந்து எழுந்து காட்டச் சொல்வதில்லை. அம்மா வீடு திரும்பிய நாளிலும் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அந்தச் சோதனைக்கு ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதும். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, இடைவிடாமல் ஐந்து முறை முழுதாக எழுந்து உட்கார வேண்டும். ஆசிய வல்லுநர் குழு 2019இல் வெளியிட்ட வரையறைப்படி 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கைப்பிடியின் வலு ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனாலும் அப்படியே. பிடிவலுவை அளக்க ஒரு கருவி வேண்டும். நாற்காலிச் சோதனையை இதைப் படித்து முடித்ததும் செய்து பார்த்துவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் இளம்பெண். அம்மாவின் கோப்பை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இன்றைக்கு ஒரே ஒரு வேலைதான். எழுந்திருக்கப் போகிறோம்" என்றார்.

"என்னால் முடியாது கண்ணு. கையைக் கொடு."

"கை தருகிறேன். முதலில் காலைப் பார்ப்போம்."

அவர் செய்தவை சின்னச் சின்னத் திருத்தங்கள். நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்தார், பின்னால் நகராமலிருக்க. இருக்கையில் இரண்டு கெட்டியான மெத்தைத் திண்டுகளை அடுக்கி உயரத்தைக் கூட்டினார். அம்மாவை இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து உட்காரச் சொன்னார். அதுவரை அம்மாவின் பாதங்கள் முழங்காலுக்கு வெகு முன்னே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றை முழங்காலுக்கு நேர் கீழே வந்து, இன்னும் சற்று உள்ளே போகும்படி இழுத்து வைத்தார். "மூக்கு, கால்விரலுக்கு மேலே வரட்டும். தரையில் எதையோ தேடுவதுபோலக் குனியுங்கள்." அம்மா குனியப் பயந்தார், முன்னால் விழுந்துவிடுவோமோ என்று. எழ முடியாதவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு எழப் பார்ப்பார்கள். எடை குதிகாலுக்குப் பின்னால் இருக்கும்வரை எவ்வளவு முயன்றாலும் பிட்டம் இருக்கையை விட்டுக் கிளம்பாது. அந்தப் பெண் எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தன் முன்கைகளை அம்மா தொட்டுக்கொள்ளும்படி நீட்டினார், இழுக்கவில்லை. அம்மா குனிந்தார், குதிகால்கள் தரையில் அழுந்தின, தொடை நடுங்கியது, எழுந்து நின்றுவிட்டார்.

"இப்போது உட்காரப் போகிறோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணி முடித்ததும்தான் திண்டைத் தொட வேண்டும். பொத்தென்று விழக்கூடாது."

மெதுவாக இறங்குவதில்தான் அம்மாவுக்கு வியர்த்தது. இறங்கும்போது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, அதுவும் வலுவை வளர்க்கும் வேலைதான். எழத் தெம்பில்லாத நாளில், எழ உதவி வாங்கிக்கொண்டு இறங்குவதை மட்டும் தானாகச் செய்யலாம். பொத்தென்று உட்காரும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் இதைத் திருத்திக்கொண்டாலே தொடை விழித்துக்கொள்ளும்.

சில வாரங்களில் ஒரு திண்டு போனது. பிறகு இன்னொன்றும் போனது. சாதாரண உயரத்திலிருந்து கை ஊன்றாமல் எழ வந்ததும், மார்போடு அணைத்துக்கொள்ள ஒரு கனமான புத்தகம் கொடுத்தார். பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அதற்குப் பிறகு சிறிய டம்பெல். வலுப் பயிற்சியின் சாரம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. தசை இன்று தன்னால் சிரமப்பட்டு முடிகிறதைச் செய்ய வேண்டும். அது எளிதானதும் சுமை கூட வேண்டும். கூடாவிட்டால் அது வழக்கமான அசைவாகிவிடும், தசைக்கு வளரக் காரணம் இருக்காது.

முதல் வாரங்களிலேயே வலு கூடியதைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் வியப்பு. தசை அவ்வளவு விரைவாகப் பருக்காது. தொடக்கத்தில் கூடுவதில் பெரும்பகுதி நரம்பின் வேலை. தூங்கிக்கிடந்த தசைநார்களை மூளை அதிக எண்ணிக்கையில், ஒரே நேரத்தில் இயக்கக் கற்றுக்கொள்கிறது. தசை பிறகுதான் தடிக்கும். எனவே கண்ணாடியில் மாற்றம் தெரியவில்லை என்று முதல் மாதத்தில் நிறுத்திவிடக் கூடாது. எழும் வேகத்தையும் மாடிப்படியையும் பாருங்கள், அங்கே தெரியும்.

எவ்வளவு சுமை என்பதில்தான் முதியவர்களுக்கு அநியாயம் நடக்கிறது. அரைக் கிலோ டம்பெல்லைக் கையில் கொடுத்து, முப்பது முறை ஆட்டச் சொல்லிவிட்டு, பயிற்சி முடிந்தது என்கிறார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது பிறந்த தேதியை மட்டும்தான். 1990இல் மரியா ஃபியாட்டரோன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் முதியோர் காப்பகத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான எடையில் கால் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற உச்ச எடையில் 80 சதவீதம் வரை சுமை. பயிற்சியை முடித்தவர்களின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1994இல் அதே ஆய்வாளர் 100 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் அவர்களின் சராசரி வயது 87, என் அம்மாவின் வயது. பத்து வாரத்தில் வலு இரட்டிப்புக்கும் மேலானது, நடை வேகமும் படியேறும் திறனும் கூடின. ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடித்துப் பயிற்சி செய்யாதவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. "இந்த வயதில் இனி என்ன" என்று அம்மாவிடம் யார் சொன்னாலும் இந்த ஆய்வைத்தான் எடுத்துச் சொல்வேன்.

நான் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறேன். அங்கேயும் நரைத்த தலையைப் பார்த்தால் சைக்கிளையும் டிரெட்மில்லையும்தான் காட்டுகிறார்கள். எனக்கு எடை தூக்கக் கற்றுக்கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தது. வாரத்தில் இரண்டு நாள், சில வாரங்களில் மூன்று. செய்பவை சிலதான்: முழங்காலை மடக்கித் தாழ்ந்து எழும் ஸ்குவாட், இடுப்பிலிருந்து மடிந்து தரையிலிருக்கும் எடையைத் தூக்குவது, மார்பை நோக்கி இழுப்பது, மார்பிலிருந்து தள்ளுவது, கனத்தை இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு நடப்பது, குதிகால் உயர்த்தி நிற்பது. எல்லாமே வாழ்க்கையில் தேவைப்படும் அசைவுகள். பெட்டியைத் தரையிலிருந்து தூக்குகிறோம், கனமான கதவைத் தள்ளுகிறோம், சாமான் பையைச் சுமக்கிறோம். இவற்றில் கனத்தைச் சுமந்து நடப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். பிடி, தோள், முதுகு, இடுப்பு, கால் எல்லாம் அதில் ஒன்றாக உழைக்கின்றன. பிடிவலு உடம்பின் பொதுவான நிலைக்கும் சாட்சி சொல்கிறது. 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், பிடிவலு ஐந்து கிலோ குறையும் ஒவ்வொரு படிக்கும் மரண அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதைப் படித்துவிட்டு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. பிடி தளர்வது மற்ற தசைகளும் தளர்ந்திருப்பதன் அடையாளம்.

எடையைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் வழி எளிது. எட்டு முதல் பன்னிரண்டு முறை தூக்கி நிறுத்தும்போது, இன்னும் இரண்டு மூன்று முறைதான் ஒழுங்காக முடியும் என்று தோன்ற வேண்டும். இருபது முறை பேசிக்கொண்டே முடிந்தால் எடை போதாது. ஐந்தாவது முறையிலேயே முதுகு வளைந்தால் அதிகம். இப்படி இரண்டு அல்லது மூன்று சுற்று, நடுவே இரண்டு நிமிட ஓய்வு. உயர்த்தும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கி முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இது கட்டாய விதி. கூடம் பிடிக்காதவர்களுக்கு நாற்காலியும், சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டாலும், படிக்கட்டும், ரப்பர் பட்டையும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். சுவர்த் தண்டால் எளிதானால் மேசை விளிம்புக்கு இறங்குங்கள், அதுவும் எளிதானால் இன்னும் தாழ்வான திடமான இடத்துக்கு இறங்குங்கள்.

வலியைப் பற்றி அம்மாவுக்குப் பெரிய குழப்பம் இருந்தது. பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை முழுவதும் பரவலாக வலிப்பது பழக்கமில்லாத வேலைக்கு உடம்பு தரும் பதில், இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டுக்குள் ஊசி குத்துவதுபோல் சுருக்கென்ற வலி, வீக்கம், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவை வேறு. அம்மாவின் முழங்காலில் தேய்மானம் உண்டு. "மூட்டு தேய்ந்தவள் எழுந்து உட்கார்ந்தால் இன்னும் தேயாதா?" என்று கேட்டார். முழங்கால் தேய்மானத்துக்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் பரிந்துரைப்பவற்றில் தொடையை வலுப்படுத்தும் பயிற்சியும் ஒன்று. லேசான வலி வந்தாலும் அடுத்த நாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம் என்று அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் விளக்கினார். காலையிலும் வலி கூடியிருந்தால் இருக்கையின் உயரத்தைக் கூட்டினோம். நிறுத்தவில்லை.

எல்லோரும் நேரே எடையைத் தூக்கிவிடலாம் என்று சொல்ல மாட்டேன். நெஞ்சுவலி, கட்டுப்படாத ரத்த அழுத்தம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, குடலிறக்கம், சர்க்கரையால் விழித்திரையில் பாதிப்பு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பு வலுக் குறைந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிந்து எடை தூக்கக் கூடாது. அவர்களுக்கும் எடைப் பயிற்சியே கூடாது என்பது சரியில்லை. 2018இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள் வாரம் இருமுறை அரை மணி நேரம் நேரடி மேற்பார்வையில் கனமான எடை தூக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களின் கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி கூடியது. மேற்பார்வை என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

சமநிலைக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு, வாரம் இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சியும், 65 வயதுக்கு மேல் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியும் வேண்டும் என்கிறது. அம்மா சமையலறை மேடையை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பார். பிறகு மேடையை விடுவார், கை தயாராக அருகிலேயே இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். வயதான தசை, அதே அளவு புரதத்துக்கு இளம் தசையை விடக் குறைவாகவே பதில் தருகிறது. ஆனால் வயதாக ஆகப் பலர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று 2013இல் ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு பரிந்துரைத்தது. 55 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 55 முதல் 66 கிராம். அதை ஒரே வேளையில் தள்ளாமல் மூன்று வேளைக்கும் பிரிக்க வேண்டும், காலை உணவில்தான் பெரும்பாலும் பற்றாக்குறை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இடையில் காய்ச்சல் வரும், பயணம் வரும், மனம் சோர்ந்துபோகும் நாட்களும் வரும். திரும்பி வரும்போது பழைய எடையில் பாதியிலிருந்து தொடங்கினால் போதும். ஒரு முறை பயிற்சி பெற்ற தசை, முதல் தடவை எடுத்துக்கொண்ட காலத்தை விடக் குறைந்த காலத்தில் பழைய வலுவுக்கு வந்துவிடும். என் உடம்பிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

அம்மா இப்போது கழிப்பறைக்குத் தனியாகப் போய்த் தனியாக வருகிறார். இதில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பெரியவர் எழ முயன்றாலே நாலு பேர் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார்கள். அன்பால் செய்வதுதான். ஆனால் நாளுக்குப் பலமுறை கிடைக்க வேண்டிய பயிற்சி அப்படியே பறிபோகிறது, தோள்மூட்டுக்கும் அந்த இழுப்பு ஆகாது. அருகில் நில்லுங்கள். ஒரு கை அவர் இடுப்புக்குப் பின்னால், தொடாமல் இருக்கட்டும். பாதம் உள்ளே வந்திருக்கிறதா என்று பாருங்கள், குனியச் சொல்லுங்கள், பிறகு காத்திருங்கள். முதல் முயற்சியில் பிட்டம் மேலே வந்து மீண்டும் இருக்கைக்கே போகலாம். உடனே கை நீட்டாதீர்கள், இரண்டாவது முயற்சியையும் அவரே செய்யட்டும். அதிலும் எழ முடியாவிட்டால், அடுத்த தடவை உட்காரும் முன் இருக்கையில் ஒரு திண்டு கூடுதலாகப் போடுங்கள்.